இன்ஸ்டால் செய்யாத கேம் எங்கே ஓடுகிறது?

இணையம் போய்விட்டால் குரோம் பிரவுசரில் ஒரு குட்டி டைனோசர் வந்து நிற்கும். வெறும் படம் என்று நினைத்துப் பலர் கடந்துவிடுவார்கள். ஸ்பேஸ் பட்டனைத் தட்டிப் பாருங்கள், ஓட ஆரம்பிக்கும். கள்ளிச்செடி எதிரே வரும்போது இன்னொரு தட்டு தட்டினால் தாண்டிவிடும். கூகுளின் வடிவமைப்பாளர்கள் சிலர் 2014 செப்டம்பரில் சேர்த்த விளையாட்டு இது. இணையம் இல்லையென்றால் நாம் ஆதிகாலத்துக்கே போய்விட்டோம் என்பதுதான் டைனோசருக்குப் பின்னால் இருந்த கிண்டல். இதை ஆடி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று உருவாக்கியவர்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் ஆண்டு என்றார்கள். டி-ரெக்ஸ் இனம் பூமியில் வாழ்ந்த காலம் அவ்வளவு என்பது அவர்கள் சொன்ன கணக்கு.

வேடிக்கை இருக்கட்டும். இணையமே இல்லாதபோது பிரவுசரில் ஒரு கேம் எப்படி ஓடுகிறது?

ஏனென்றால் பிரவுசர் கேம் என்பது எங்கோ ஒரு வெப்சைட்டில் ஓடுகிற சமாச்சாரம் இல்லை. அது உங்கள் கணினியில் ஓடுகிறது, போனில் திறந்தால் போனில் ஓடுகிறது. டைனோசரின் நிரல் குரோமுக்குள்ளேயே முன்கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மற்ற கேம்களின் நிரல், நீங்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது இறங்கி வருகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். இறங்கிய பிறகு அதை ஓட்டுவது உங்கள் கருவியின் மூளை, உங்கள் கருவியின் பேட்டரி. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால், இவை ஏன் இலவசம், ஸ்கோர் ஏன் காணாமல் போகிறது, எதைக் கண்டு பயப்பட வேண்டும், எதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதெல்லாம் தானாக அவிழும்.

சாதாரணமாக ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்கிறோம் என்றால் அதன் கோப்புகள் நம் கருவியில் நிரந்தரமாகக் குடியேறுகின்றன. பிரவுசர் கேம் வாடகைக்குக்கூட வருவதில்லை, விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போகிறது. டேபைத் திறந்தால் வரும், மூடினால் போய்விடும். அடுத்த முறை சீக்கிரம் திறக்கட்டுமே என்று பிரவுசர் சில கோப்புகளைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்திருக்கும், அவ்வளவே.

வருகிற விருந்தாளியிடம் என்ன இருக்கிறது? எந்த இணையப் பக்கத்திலும் இருக்கிற அதே மூன்றுதான். பக்கத்தில் எது எது இருக்கிறது என்று சொல்லும் எச்டிஎம்எல், அது எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ், என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட். செய்திப் பக்கத்தில் மெனுவைத் திறந்து மூடுகிற அதே ஜாவாஸ்கிரிப்ட்தான் இங்கே எதிரியை நகர்த்துகிறது, புள்ளிகளைக் கூட்டுகிறது. இவற்றோடு படங்களும் ஒலிகளும் சேரும். எளிய புதிர் என்றால் எல்லாம் சேர்த்து ஒரு போட்டோவின் அளவுகூட இருக்காது.

கேம் ஓடும்போது உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம். பக்கத்தில் கேன்வாஸ் என்றொரு செவ்வகம் இருக்கும். 2004-ல் ஆப்பிள் நிறுவனம் மேக் கணினியில் வரும் குட்டிச் செயலிகளுக்காகக் கொண்டுவந்த வசதி இது. பின்னால் எல்லா பிரவுசர்களும் ஏற்றுக்கொண்டன. பெயருக்கேற்ற மாதிரி ஓவியத் துணிதான். அதில் படம் வரைவார்கள், அழிப்பார்கள், மறுபடி வரைவார்கள். பெரும்பாலான திரைகளில் இது வினாடிக்கு 60 முறை நடக்கிறது. அதாவது ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரம் சுமார் 16.7 மில்லிவினாடி. அதற்குள் எந்த பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும், எல்லாவற்றின் புது இடத்தையும் கணக்கிட வேண்டும், ஏதாவது மோதியதா என்று சோதிக்க வேண்டும், பழையதை அழித்துப் புதியதை வரைய வேண்டும். இந்தச் சுற்றுக்குத்தான் கேம் லூப் என்று பெயர். கணக்கு அந்த நேரத்துக்குள் முடியவில்லை என்றால் ஒரு படம் தவறும். நம் கண்ணுக்கு அது ‘ஜெர்க்’ அடிப்பதாகத் தெரியும். நெட் ஸ்லோ என்று திட்டுவோம். பாவம், நெட்டுக்கும் அதற்கும் பல சமயம் சம்பந்தமே இல்லை. பழைய போன், அல்லது கூடவே திறந்து வைத்திருக்கும் நாற்பது டேப்கள்தான் காரணமாக இருக்கும்.

டைனோசர் கேமைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டைனோசர் ஓடவே இல்லை! அது நின்ற இடத்தில் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. தரையும் கள்ளியும்தான் இடப்பக்கம் நகர்ந்து வருகின்றன. மேலே தாவுவதும் குனிவதும் மட்டும்தான் அது உண்மையில் செய்கிற அசைவு. இப்படிப் பக்கவாட்டில் ஓடுகிற எத்தனையோ கேம்களில் இதே ஏமாற்றுதான்.

லூப்கூடத் தேவைப்படாத கேம்களும் உண்டு. 2048 நல்ல உதாரணம். இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேல் சிருல்லி 2014 மார்ச்சில், ஒரு வார இறுதியில் எழுதியது. நாலுக்கு நாலு என்று 16 கட்டங்கள். அம்புக்குறி பட்டனை எந்தப் பக்கம் அழுத்துகிறோமோ அந்தப் பக்கம் எல்லா எண்களும் சரியும். ஒரே எண்கள் இரண்டு மோதினால் ஒன்றாகி இரட்டிப்பாகும். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் காலியான ஏதோ ஒரு கட்டத்தில் புதிதாக ஓர் எண் முளைக்கும். பத்துக்கு ஒன்பது வாய்ப்பு 2, மீதி ஒரு வாய்ப்பு 4. இதுதான் முழு கேமும். கணினியைப் பொறுத்தவரை இது 16 எண்களும் ஒரு ஸ்கோரும் மட்டுமே. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் வரை அதற்கு வேலையே இல்லை. சும்மா காத்திருக்கும்.

2048 என்ற எண்ணை எட்டினால் வெற்றி என்றாலும் மேலே தொடரலாம். கணக்குப்படி எட்டக்கூடிய மிகப் பெரிய எண் 131072. நான் 4096-ஐத் தாண்டியதில்லை, தாண்டியதாகச் சொல்கிறவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். சிருல்லி இதைத் தானாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அப்போது வந்திருந்த ‘திரீஸ்’, ‘1024’ போன்ற விளையாட்டுகளின் வழியில் வந்தது இது. தன் நிரலை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தே விட்டுவிட்டார். எண்களுக்குப் பதில் பூனைப் படம், பழப் படம் என்று இன்று எங்கு பார்த்தாலும் இருக்கிற நகல்களுக்கு அதுதான் காரணம்.

இவற்றை ‘கேஷுவல் கேம்’ என்கிறார்கள். தமிழில் சாதாரண விளையாட்டு என்று சொன்னால் சுவை போய்விடுகிறது. போகிற போக்கில் ஆடுவது என்பது நெருங்கி வரும். விதி ஒரு நிமிடத்தில் புரிய வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போக முடிய வேண்டும். நேற்று எங்கே விட்டோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையிருக்கக் கூடாது. இந்த மூன்றும்தான் முக்கியம், சுலபமாக இருக்க வேண்டும் என்பது இல்லை. 2008-ல் பென்னட் ஃபாடி வெளியிட்ட ‘குவாப்’ விளையாட்டில் நாலே நாலு பட்டன்கள். ஓர் ஓட்டக்காரரின் தொடையையும் கெண்டைக்காலையும் அவற்றால் அசைத்து 100 மீட்டர் ஓட வைக்க வேண்டும். விதி பத்து வினாடியில் புரிந்துவிடும். பத்து அடி எடுத்து வைப்பதற்குள் ஆள் தலைகுப்புற விழுந்துவிடுவார். கேஷுவல்தான், ஆனால் இதைவிடக் கஷ்டமான கேமை நான் பிரவுசரில் ஆடியதில்லை.

வகைகளைப் பட்டியலிட ஆரம்பித்தால் முடிவே இராது. சீட்டு, சதுரங்கம், சுடோகு போன்ற பழையவை. மிட்டாய் மாதிரி மூன்றை வரிசை சேர்க்கும் புதிர்கள். தட்டிக்கொண்டே இருக்கும் கிளிக்கர்கள். பலர் ஒரே களத்தில் மோதுபவை. நாளுக்கு ஒன்று மட்டும் தருபவை. இந்தக் கடைசி இரண்டு வகையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம், ஏனென்றால் ‘எங்கே ஓடுகிறது’ என்ற கேள்விக்கு இரண்டும் நேர் எதிரான பதில் தருகின்றன.

நாளுக்கு ஒன்று என்றால் வேர்டில். ஜோஷ் வார்டில் என்பவர் வார்த்தை விளையாட்டுகளில் பிரியமுள்ள தன் இணையருக்காக எழுதியது. ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல், கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். நவம்பர் 1-ம் தேதி அதை ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2-ல் மூன்று லட்சம் பேர். அந்த மாதம் 31-ம் தேதி நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் ஏழு இலக்க டாலர் தொகைக்கு வாங்கிக்கொண்டதாக அறிவித்தது.

உலகம் முழுக்க எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே சொல் எப்படி வருகிறது? சர்வரில், அதாவது தளத்தை நடத்துகிறவரின் கணினியில், யாரோ உட்கார்ந்து தினமும் அனுப்புகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆரம்பகால வேர்டிலில் அப்படி எதுவும் இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் விடைச் சொற்களும் வரிசையாக அந்தப் பக்கத்தின் நிரலுக்குள்ளேயே இருந்தன. தொடக்க நாளிலிருந்து இன்று எத்தனையாவது நாள் என்று உங்கள் கருவியின் தேதியைப் பார்த்துக் கணக்குப் போடும், அத்தனையாவது சொல்லை எடுக்கும். கதை முடிந்தது. பக்கத்தின் நிரலைத் திறந்து படிக்கத் தெரிந்தவர்களுக்கு வரப்போகிற ஆண்டுகளின் விடைகளும் கண்ணெதிரே கிடந்தன. ஆனாலும் பெரும்பாலோர் எட்டிப் பார்க்கவில்லை. போட்டியே நண்பர்களோடுதான் என்றால், வினாத்தாளை முன்கூட்டியே படிப்பதில் என்ன சுகம்?

தமிழில் இப்படி ஒன்று செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு தொல்லை காத்திருக்கிறது, இடைச்செருகலாகச் சொல்லிவிடுகிறேன். ‘விளையாட்டு’ என்ற சொல்லில் நமக்கு வி, ளை, யா, ட், டு என்று ஐந்து எழுத்து. கணினி எண்ணினால் பத்து. வகரம் தனி, அதன் மேல் கொக்கி தனி, டகரம் தனி, புள்ளி தனி என்று யூனிகோட் என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் துண்டு துண்டாக வைத்திருப்பதால் வரும் வினை. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று வைக்க வேண்டுமானால், முதலில் இந்தத் துண்டுகளைச் சேர்த்து எழுத்தாக்கும் வேலையை நிரல் செய்தாக வேண்டும். அது சரி, ‘வி’ இல்லை ஆனால் வகரம் இருக்கிறது என்றால் என்ன நிறம் காட்டுவது? ஆங்கிலத்தில் எழாத கேள்வி. எனக்கு இதுதான் மூல வேர்டிலைவிட சுவையான புதிராகப் படுகிறது.

இப்போது எதிர்முனைக்கு வருவோம். 2015-ல் பிரேசில் நாட்டுக்காரர் மாத்தேயுஸ் வலதாரெஸ் ‘அகார் டாட் ஐஓ’ என்றொரு கேமை வெளியிட்டார். நீங்கள் ஒரு வட்டம். சின்ன வட்டங்களை விழுங்கிப் பெருக்க வேண்டும், பெரிய வட்டங்களிடம் சிக்கக் கூடாது. எதிரே வருகிற வட்டங்கள் ஒவ்வொன்றும் எங்கோ உட்கார்ந்திருக்கும் உயிருள்ள மனிதர். அடுத்த ஆண்டு வந்த ‘ஸ்லிதர் டாட் ஐஓ’வில் வட்டத்துக்குப் பதில் பாம்பு. இவை பிடித்த பிடியில் அந்த வகைக்கே ‘ஐஓ கேம்’ என்று பெயர் வந்துவிட்டது. ‘டாட் ஐஓ’ என்பது உண்மையில் பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்ற தீவுக் கூட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட இணையக் குறியீடு. கேம் செய்கிறவர்களுக்குச் சின்னதாக, அழகாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வகையில் ஆட்டம் முழுக்க உங்கள் கருவியில் ஓட முடியாது. என் கணினியில் நான் உங்களை விழுங்கிவிட்டேன், உங்கள் கணினியில் நீங்கள் தப்பிவிட்டீர்கள் என்றால் யார் சொல்வது சரி? நடுவர் ஒருவர் வேண்டும். அந்த நடுவர்தான் சர்வர். நீங்கள் மௌஸை எந்தப் பக்கம் நகர்த்தினீர்கள் என்பது சர்வருக்குப் போகும், யார் எங்கே இருக்கிறார்கள் என்பது திரும்பி வரும், வினாடிக்குப் பலமுறை. வழக்கமான பக்கங்களைப் போல ஒவ்வொரு முறையும் புதிதாகக் கதவைத் தட்டிக் கேட்டால் கட்டுப்படியாகாது என்பதால், ‘வெப்சாக்கெட்’ என்ற முறையில் கதவைத் திறந்தே வைத்துக்கொள்கிறார்கள். நெட் மெதுவாக இருந்தால் இங்கே நிச்சயம் பாதிக்கும். நடுவர் ஏமாற்றைத் தடுக்கவும்தான் இருக்கிறார். உங்கள் கருவியிலேயே ஓடுகிற கேமில், நிரல் தெரிந்த எவரும் ஸ்கோரை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். தனியாள் புதிர்களின் ‘உலகச் சாதனை’ப் பட்டியலில் முதல் பத்து இடங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

அடுத்து எல்லோரும் புலம்புகிற விஷயம்: ‘என் சேவ் எல்லாம் போச்சு.’

2013 ஆகஸ்டில் பிரான்ஸைச் சேர்ந்த ஜூலியன் தியன்னோ வெளியிட்ட ‘குக்கி கிளிக்கர்’ தெரிந்திருக்கலாம். ஒரு பெரிய பிஸ்கட்டைத் தட்டினால் ஒரு பிஸ்கட் கிடைக்கும். சேர்த்த பிஸ்கட்டைக் கொடுத்து, தானாகத் தட்டும் விரல்களை வாங்கலாம். அப்புறம் பாட்டிகள், தோட்டங்கள், தொழிற்சாலைகள். ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், விட முடியாது. இதே வகைக் கேம் ஒன்றில் நான் ஒரு மாதம் சேர்த்த சொத்தை ஒரு மாலையில் தொலைத்தேன். திருடியது யாருமில்லை. ‘பிரவுசர் கனமாகிவிட்டது, சுத்தம் செய்வோம்’ என்று நானே எல்லா டிக்கையும் போட்டு அழித்தேன்.

லாக்-இன் கேட்காத கேம்கள் உங்கள் முன்னேற்றத்தை உங்கள் பிரவுசருக்குள்தான் எழுதி வைக்கின்றன. அந்த இடத்துக்கு லோக்கல் ஸ்டோரேஜ் என்று பெயர். ஒரு தளத்துக்குச் சுமார் 5 எம்பி கிடைக்கும், எண்களை எழுதிவைக்க அதுவே தாராளம். ஆனால் அது அந்தக் கருவியில், அந்த பிரவுசரில், அந்தத் தளத்தின் பெயரில் மட்டும்தான் இருக்கும். குரோமில் ஆடியது ஃபயர்ஃபாக்ஸில் தெரியாது. கணினியில் ஆடியது போனில் தெரியாது. இன்காக்னிட்டோவில் ஆடினால் ஜன்னலை மூடியதும் சுவடே இருக்காது. ஆப்பிளின் சஃபாரி இன்னும் கறார். 2020 முதல், நீங்கள் சஃபாரியைப் பயன்படுத்தும் ஏழு நாளில் ஒருமுறையாவது அந்தத் தளத்தைத் தொடவில்லை என்றால் அங்கே நிரல் எழுதி வைத்ததை அழித்துவிடுகிறது. வேவு பார்க்கும் விளம்பர நிறுவனங்களைத் தடுப்பதற்காகக் கொண்டுவந்த விதி, அதில் நம் பிஸ்கட்களும் மாட்டிக்கொள்கின்றன. குக்கி கிளிக்கர் போன்ற நல்ல கேம்களில் ‘எக்ஸ்போர்ட்’ என்று ஒன்று இருக்கும். அழுத்தினால் புரியாத எழுத்துக்கோவை ஒன்று வரும். அதைக் காப்பி செய்து வேறெங்காவது வைத்துக்கொண்டால், எந்தக் கருவியிலும் ஒட்டித் தொடரலாம்.

சேவ் மட்டுமா காணாமல் போகும்? கேம்களே மொத்தமாகக் காணாமல் போனதும் நடந்திருக்கிறது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பிரவுசரில் கேம் ஆடியவர்களுக்கு ஃபிளாஷ் என்ற பெயர் மறந்திருக்காது. 1996-ல் ‘ஃபியூச்சர்ஸ்பிளாஷ்’ என்று பிறந்தது. மேக்ரோமீடியா வாங்கிப் பெயரைச் சுருக்கியது, பிறகு 2005-ல் அடோபி கைக்குப் போனது. அந்தக் காலத்து பிரவுசருக்குச் சொந்தமாக அசைவுப் படத்தையும் ஒலியையும் கையாளும் திறமை பெரிதாகக் கிடையாது. ஃபிளாஷ் பிளேயர் என்ற துணை மென்பொருளை அதற்குள் செருகிக்கொள்ள வேண்டும். செருகியவுடன் அது ஓர் அற்புத உலகம். பள்ளிக்கூடப் பையன்கள்கூடத் தங்கள் அறையிலிருந்து கேம் செய்து வெளியிட்டார்கள். 2009-ல் ஃபேஸ்புக்கில் வந்து வீட்டுக்கு வீடு விவசாயிகளை உருவாக்கிய ஃபார்ம்வில் ஓடியதும் அதில்தான்.

ஆனால் செருகுநிரல் என்பது பிரவுசரின் சுவரில் போட்ட ஓட்டை. பாதுகாப்புக் குறைகள் ஒன்று மாற்றி ஒன்றாக வந்துகொண்டிருந்தன. 2007-ல் வந்த ஐபோன் அதை ஏற்கவே இல்லை. 2010-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏன் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே கடிதம் எழுதினார். இதற்கிடையில் பிரவுசர்கள் சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொண்டன. முப்பரிமாணப் படங்களுக்கான வெப்ஜிஎல் 2011-ல் வந்தது. எச்டிஎம்எல்5 தரம் 2014-ல் முறைப்படி உறுதியானது. கனமான நிரல்களையும் வேகமாக ஓட்டும் வெப்அசெம்பிளியை 2017-க்குள் முக்கிய பிரவுசர்கள் எல்லாம் ஏற்றுக்கொண்டன. அந்த ஆண்டே அடோபி, ஃபிளாஷுக்கு நாள் குறித்துவிட்டது. 2020 டிசம்பர் 31-ல் ஆதரவு முடிந்தது, 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஃபிளாஷ் கோப்புகளைத் திறக்க மறுத்தது. ஃபார்ம்வில்லும் அந்த டிசம்பர் 31-ல் கதவடைத்தது.

எல்லாம் போய்விடவில்லை. 2018-ல் தொடங்கிய ‘ஃபிளாஷ்பாயிண்ட்’ என்ற தன்னார்வ முயற்சி பெருந்தொகையான கேம்களைச் சேகரித்து வைத்திருக்கிறது. ‘ரஃபிள்’ என்றொரு திறந்த நிரல், பழைய ஃபிளாஷ் கோப்புகளை எந்தச் செருகுநிரலும் இல்லாமல் இன்றைய பிரவுசரிலேயே ஓட்டுகிறது. இன்டர்நெட் ஆர்கைவ் தளம் 2020 நவம்பரிலிருந்து அதைப் பயன்படுத்தி ஒரு தொகுப்பைத் திறந்து வைத்திருக்கிறது. சின்ன வயதில் ஆடிய கேம் ஒன்றின் பெயர் நினைவிருந்தால் அங்கே தேடிப் பாருங்கள்.

சரி, இதையெல்லாம் ஏன் சும்மா தருகிறார்கள்? முதல் பதில் பலர் நினைப்பதைவிட அப்பாவித்தனமானது: தருவதற்குப் பெரிய செலவில்லை. 2048 ஓடுவது உங்கள் கருவியில். சிருல்லியின் சர்வர் செய்வதெல்லாம் ஒரு சின்னக் கோப்பை அனுப்பி வைப்பது மட்டும்தான். ஆயிரம் பேர் ஆடினாலும் லட்சம் பேர் ஆடினாலும், ஓட்டுவதற்கான மின்சாரம் அவரவர் வீட்டில்தான் செலவாகிறது. தனி மனிதர் ஒருவர் வார இறுதியில் எழுதியதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுக்க முடிவது இதனால்தான். வேர்டில் விற்கப்படும் வரை அதில் ஒரு விளம்பரம்கூட இல்லை.

நடுவர் சர்வர் தேவைப்படும் கேம்களின் கதை வேறு. அவற்றுக்கு மாதாமாதம் பில் வரும். ஆகவே விளம்பரம், அல்லது உங்கள் பாம்புக்குப் புதுச் சட்டை விற்பது. நூற்றுக்கணக்கான கேம்களை அடுக்கி வைத்திருக்கும் தளங்களுக்கு விளம்பரமே வருமானம். கேம் செய்தவருக்கு அதில் பங்கு போகும். ‘30 வினாடி விளம்பரம் பார்த்தால் இன்னோர் உயிர்’ என்பதும் அதன் ஒரு வடிவம்தான். பத்திரிகைகளுக்கு வேறு கணக்கு: புதிருக்காகத் தினமும் வருகிறவர், ஒருநாள் சந்தாதாரர் ஆகக்கூடும். இந்தக் கணக்கு எதிலும் சேராத ஓர் அதிசயமும் உண்டு. 2010-ல் திபோ டுப்லெசி தொடங்கிய லிசெஸ் என்ற சதுரங்கத் தளம். உலகெங்கும் உள்ளவர்கள் ஆடும் களம், சர்வர் செலவு எக்கச்சக்கம். ஆனாலும் விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, நிரலும் திறந்தது. முழுக்க நன்கொடையில் நடக்கிறது. சதுரங்கத்தில் கொஞ்சமாவது ஆசை இருப்பவர்கள் மற்ற எதையும் தேடுவதற்கு முன் அங்கே போகலாம் என்பது என் கட்சி.

பாதுகாப்பைப் பற்றிப் பயமுறுத்தும் அறிவுரைகள் நிறைய உண்டு. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத்தான் அவை சரியாகச் சொல்வதில்லை. டேபில் ஓடுகிற நிரலை பிரவுசர் ஒரு வேலிக்குள் அடைத்து வைத்திருக்கிறது. உங்கள் கோப்புகளை அதனால் படிக்க முடியாது. கேமராவையோ மைக்கையோ தொட வேண்டுமானால் உங்களிடம் கேட்க வேண்டும். ஆகவே கெட்ட எண்ணம் உள்ள தளம் வேலியை உடைப்பதற்குப் பெரும்பாலும் மெனக்கெடுவதில்லை. உங்களையே வந்து வேலியைத் திறந்துவிடச் சொல்கிறது. ‘ஆடுவதற்கு இந்தக் கோப்பை டவுன்லோடு செய்யுங்கள்’, ‘இந்த எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’, ‘தொடர, அலோ என்பதை அழுத்துங்கள்’. மூன்றாவதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். அது நோட்டிஃபிகேஷன் அனுமதி. ஒருமுறை கொடுத்துவிட்டால், அந்தத் தளம் திறந்தில்லாதபோதும் போனில் ‘வைரஸ் வந்துவிட்டது’ என்பது மாதிரி அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். பிரவுசர் செட்டிங்ஸில் போய் அந்தத் தளத்தின் அனுமதியை நீக்கினால் நின்றுவிடும். ‘ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பியுங்கள்’ என்று எந்தத் தளமாவது இன்றும் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், டேபை மூடுங்கள். அப்படி ஒரு புதுப்பிப்பு வரவே வழியில்லை.

பக்கத்தில் நாலைந்து ‘பிளே’ பட்டன்கள் மின்னினால், மிகப் பெரியதும் மிகப் பளபளப்பானதும் விளம்பரமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குழந்தைகளுக்குத் தளத்தைத் திறந்து கொடுப்பதற்கு முன் நாமே ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஒரு கட்டப் புதிருக்கு உங்கள் போன் நம்பர் எதற்கு என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சில்லறைச் சிக்கல், புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் வருவது. கீழ் அம்பை அழுத்தினால் பாம்பு திரும்பாமல் பக்கம் முழுவதும் கீழே நகரும். கேம் கெட்டுப்போகவில்லை. கேம்களை அடுக்கி வைத்திருக்கும் தளங்கள் பெரும்பாலும் கேமைத் தங்கள் பக்கத்துக்குள் ஒரு ஜன்னல் மாதிரி பதித்து வைக்கின்றன. உள்ளே இருப்பது வேறொரு தளத்திலிருந்து வருகிற தனிப் பக்கம். நீங்கள் அழுத்துகிற பட்டன் உள்பக்கத்துக்கா வெளிப்பக்கத்துக்கா என்று பிரவுசருக்குத் தெரியவில்லை, வெளிப்பக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறது. கேமின் நடுவில் மௌஸால் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு அம்பை அழுத்துங்கள். பாம்பு திரும்பும்.